தேருக்குப் போட்டு வந்த ஜாக்கெட்டுகள்

என் தங்கை துர்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோருமே அவள் வைத்த பாயசத்தைப் புகழ்ந்தார்கள். பிரமாதம் என்றார்கள், கல்யாணப் பந்தி தோற்றது என்றார்கள். அவர்கள் கிளம்பியதும் துர்கா அடுப்படிக்கு வந்து டம்ளர்களை எட்டிப் பார்ப்பாள்.

"பாரு க்கா, பாதி அப்பிடியே இருக்குது. இதான் பிரமாதமா?"

"மரியாதைக்குச் சொல்லியிருப்பாங்கடி. அதுக்குன்னு எச்சி டம்ளர எல்லாம் ஆராய்ச்சி பண்ணுவியா?"

கடைசியாக வந்த பிரேம்குமார், "சர்க்கரை கொஞ்சம் கம்மிங்க" என்று சொல்லிவிட்டு இரண்டாவது டம்ளர் கேட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டாள். மின்துறையில் வேலை செய்கிறார். இன்றைக்கும் அந்த வீட்டில் சர்க்கரை கம்மிதான், டம்ளரும் காலிதான்.

எங்கள் அப்பா ஆனந்தராஜ் வில்லியனூருக்கு அப்பால் கரும்பும் நெல்லும் பயிர் செய்தவர். நான் மூத்தவள். பத்தாவதோடு படிப்பை முடித்துத் தையல் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகி முத்தியால்பேட்டைக்கு வந்த பிறகு வீட்டின் முன் அறையிலேயே கடை போட்டேன். துர்கா என்னைவிட எட்டு வயது இளையவள். சைக்கிள், பஸ், பிறகு ஸ்கூட்டி என்று ஒவ்வொன்றாக மாறி மாறிப் போய்க் கணக்கில் பட்டம் வாங்கினாள், பி.எட். முடித்தாள், அரசுப் பள்ளியில் ஆசிரியை ஆனாள். எங்கள் ஊரில் யாராவது "துர்கா என்ன பண்றா?" என்று கேட்டால் நான் முழுசாகச் சொல்லாமல் விடமாட்டேன். கேட்டவர் பஸ்ஸைத் தவறவிட்டாலும் சரி.

இப்போது அவள் பார்க்கும் வேலையைச் சொல்ல இன்னும் கொஞ்சம் நேரமாகும். சில பள்ளிகள் தங்கள் ஊருக்கு ஏற்ற தொழில் பாடத்தைத் தாங்களே எழுதி நடத்துகின்றன. ஒரு பள்ளியில் காளான் வளர்ப்பு, ஒரு பள்ளியில் ரொட்டி சுடுவது, கடலோரத்தில் ஒரு பள்ளியில் தையல். பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் உண்மையிலேயே வேலைக்கு ஆகிறதா, அடுத்த வருடமும் நடத்தலாமா என்று பார்த்துச் சொல்ல ஒரு குழு இருக்கிறது. அந்தக் குழுவில் துர்காவும் ஒருத்தி. முதல் தடவை அவள் இதை விளக்கியபோது நான், "அப்ப நீதான் பரீட்சை வெக்கிறவளா?" என்றேன்.

"புள்ளைங்களுக்கு இல்ல க்கா. பாடத்துக்குப் பரீட்சை."

எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போனது. கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஆடி மாதத்தில் அவளிடம் வந்தது அந்தத் தையல் பாடம். அரியாங்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கும் ஒரு பள்ளி. பெரும்பாலும் வீராம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள், பெண்களும் பையன்களுமாகக் கலந்து படிக்கிற வகுப்பு. ஹேமலதா என்ற ஆசிரியை அந்தப் பாடத்தை எழுதி, நன்கொடையாக வந்த மெஷின்களை வைத்து நடத்திக்கொண்டிருந்தார். குழுவின் தலைவர் கிருஷ்ணசாமி சாருக்கு அதில் நம்பிக்கை இல்லை. "சொக்கா பட்டன் தெக்கிறதுக்கு எதுக்கும்மா ஒரு பீரியடு? அந்த நேரத்துல இங்கிலீஷ் பேசக் கத்துக்குடுத்தா புண்ணியமாப் போவும்" என்று துர்காவிடமே சொல்லியிருக்கிறார். பாடம் நின்றால் மெஷின்கள் வேறு பள்ளிக்குப் போய்விடும். ஹேமலதா ஆசிரியையும் அந்த வகுப்பை விட்டு வேறு பாடத்துக்குப் போக வேண்டியதுதான்.

துர்கா எழுத்துப் பரீட்சை வைக்கவில்லை. உண்மையான ஒரு வாடிக்கையாளருக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ஜாக்கெட் தைத்துத் தர வேண்டும், அதுதான் சோதனை என்றாள். அந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டார்கள். மீன் விற்கிற பெண்கள் துணியும் அளவு ஜாக்கெட்டும் கொடுத்தனுப்பினார்கள். எந்தப் பிள்ளையும் தன் அம்மாவுக்குத் தைக்கக் கூடாது என்று துர்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆனால் அந்த ஊரில் அம்மா இல்லாவிட்டால் சித்தி, சித்தி இல்லாவிட்டால் அத்தை. சொந்தமில்லாத ஒருத்தியைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் படகு ஏறித்தான் போக வேண்டும்.

தைத்து முடித்த ஜாக்கெட்டுகளைத் தையல்காரி ஒருத்தியும் பார்க்க வேண்டும் என்று என்னை அழைத்துப் போனாள். அன்று காலையிலேயே நல்ல புடவை கட்டிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து, என் இன்ச் டேப்பையும் சின்னக் கத்தரிக்கோலையும் பையில் போட்டுக்கொண்டேன்.

"கத்தரிக்கோல் எதுக்கு க்கா?"

"நூல் நீட்டிக்கிட்டிருந்தா?"

"நீட்டிக்கிட்டிருந்தா நீட்டிக்கிட்டிருக்குதுன்னு சொல்லணும். வெட்டி வுடக்கூடாது."

ஒவ்வொரு ஜாக்கெட்டையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். எங்கள் தொழிலில் உள்பக்கம்தான் முகம். கொக்கி வைத்த இடம், பட்டி மடித்த விதம், கைக்கு ஓரம் அடித்தது என்று எல்லாவற்றையும் பார்த்தேன். மெய்யாகவே நன்றாகத் தைத்திருந்தார்கள். பின்னாளில் பிரித்துப் பெரிதாக்குவதற்கு இரண்டு பக்கமும் துணி விட்டிருந்தார்கள், அது நிறையத் தையல்காரர்கள் செய்யாத மரியாதை. அங்கம்மாள் என்பவருக்குத் தைத்த மயில் கழுத்து நிற ஜாக்கெட்டை முதலிடத்தில் வைத்தேன். நூல் பிடித்தாற்போல் தையல். செல்வாம்பாள் என்பவருக்குத் தைத்த சிவப்பு ஜாக்கெட்டைக் கடைசிக்குத் தள்ளினேன். அடிப்பட்டி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்தது. விரல் என்னை அறியாமல் கத்தரிக்கோலைத் தேடிப் போனது. துர்கா பார்த்துவிட்டாள், கையை எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஜாக்கெட்டுகள் அவரவர் வீட்டுக்குப் போயின. கேள்வித்தாளும் போயிற்று. கை சரியாக இருக்கிறதா, கழுத்து சரியாக இருக்கிறதா, காசு கொடுத்து இப்படித் தைத்துக்கொள்வீர்களா என்று பல கேள்விகள். திரும்பி வந்த தாள்களில் எல்லாக் கேள்விக்கும் எல்லாப் பெண்களும் ஒரே பதில். மிக நன்று, மிக நன்று, மிக நன்று.

ஹேமலதா ஆசிரியை சந்தோஷத்தில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டார். துர்கா என் கடைக்கு வந்து துணிக் குவியலின்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எல்லாரும் நூத்துக்கு நூறு" என்றாள், யாரோ இறந்த செய்தி சொல்வதுபோல.

"நல்லதுதானடி!"

"கிருஷ்ணசாமி சார் இன்னா சொன்னார் தெரியுமா? 'புள்ள வெச்ச ரசத்துல உப்பே இல்லாட்டியும் தாய் நல்லா இருக்குதுன்னுதான் சொல்லுவா. இத வெச்சு நான் எப்பிடிம்மா ஒரு பாடத்த நடத்தச் சொல்றது?'ன்னாரு. திங்கக்கெழம கூட்டம். அதுக்குள்ள வேற ஏதாவது காட்டுங்க, இல்லன்னா நிறுத்திடலாம்னுட்டாரு."

"அவரு சொல்றது தப்புன்னு சொல்ல வேண்டியதுதான?"

"தப்பு இல்லையே க்கா. அவரு சொல்றது சரி. அதான் கஷ்டமா இருக்குது."

இதுதான் என் தங்கை. தனக்கு எதிராகப் பேசுகிறவர் சரியாகப் பேசினால் அதையும் ஒத்துக்கொண்டு அழுவாள்.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு போன் வந்தது. எங்கள் தெரு ஆள்தான். "இன்னா கமலாக்கா, ஜாக்கெட் ஆச்சா இல்லையா? வெள்ளிக்கெழம வீராம்பட்டினம் தேருக்குப் போடணும். மொத்த ஊரும் வரும். போன தீபாவளிக்குத் தச்ச மாதிரி தோள்பட்ட தூக்கிக்கிட்டு நின்னுச்சுன்னா, நான் வீட்டுலயே படுத்துக்குவேன்." ஸ்பீக்கரில் இருந்ததால் துர்காவும் கேட்டாள். நான் சமாதானம் சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினால், துணிக் குவியலின்மேல் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"க்கா. நல்லா இல்லாத ஜாக்கெட்ட பாசத்துக்காக நல்லா இருக்குதுன்னு சொல்லலாம். ஆனா பாசத்துக்காகத் தேருக்குப் போட்டுக்கிட்டு வருவாங்களா?"

"மாட்டாங்க. சத்தியமா மாட்டாங்க."

"அப்ப வெள்ளிக்கெழம நாம தேருக்குப் போறோம்."

ஆடி வெள்ளியில் செங்கழுநீர் அம்மன் தேர் என்றால் புதுச்சேரியில் பாதிப்பேர் தெற்கே திரும்பிவிடுவார்கள். துர்காவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து மரப்பாலம் தாண்டுவதற்குள்ளேயே கூட்டம் தொடங்கிவிட்டது. அரியாங்குப்பத்துக்குப் பிறகு வண்டியை ஒரு தெரிந்த வீட்டில் விட்டுவிட்டு நடந்தோம். வழியெல்லாம் மோர்ப்பந்தல். வளையல் கடை, பலூன், கரும்புச்சாறு, ஒலிபெருக்கியில் காணாமல் போன பிள்ளைகளின் பெயர்கள். கவர்னர் வந்து வடத்தைத் தொட்டதும் எழுந்த சத்தத்தில் கடல் சத்தம் காணாமல் போயிற்று. எல்லோரும் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் பெண்களின் தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அம்மனையும் ஒரு வாட்டி பாருடி. கோச்சுக்கப் போறா" என்றேன்.

"பாத்துட்டேன். நல்ல துணி. ஜரிகைதான் கொஞ்சம் ஜாஸ்தி."

"அம்மனுக்குமா மார்க்கு?"

சிரித்து முடிப்பதற்குள் ஒரு சிவப்பு ஜாக்கெட் எங்கள் முன்னால் வந்து நின்றது. தலையில் முல்லைப்பூ, கையில் தேங்காய்த் தட்டு. நான் கடைசிக்குத் தள்ளிய அதே ஜாக்கெட். அடிப்பட்டி ஏற்ற இறக்கம் தெரியாமல் புடவைக்குள் ஒளிந்திருந்தது.

"டீச்சரம்மா! நீங்க வந்திருக்கீங்களா?" என்று செல்வாம்பாள் துர்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வீராம்பட்டினத்தில் மீன் வாங்கி டவுனுக்குள் விற்கிறவர். குரல் நான்கு தெருவுக்குக் கேட்கும். "பாத்தீங்களா, நம்ம புள்ள தச்சது!"

"பாத்தேன்மா. எப்பிடி இருக்குது?"

"எப்பிடி இருக்குதா?" தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "இழுக்குதா? பிடிக்குதா? மீன் அன்னக்கூடைய நாள் பூரா தலைக்குத் தூக்குறவளுக்கு இது போதும். கடையில தச்சா, தூக்குன ஒடனே அக்குள்ல டர்ருன்னு போயிடும். நேத்து இதப் போட்டுக்கிட்டே போயி மீன் வித்துட்டு வந்தேன். அப்பறம் தொவச்சு இன்னிக்கும் இதேதான்."

துர்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வளையல் கடையைப் பார்த்தேன்.

பிறகு இன்னும் சிலர் கண்ணில் பட்டார்கள். பிள்ளைகள் தைத்ததைப் போட்டிருந்தவர்களும் இருந்தார்கள், போடாதவர்களும் இருந்தார்கள். போடாதவர்கள்தான் அதிகம். துர்காவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. மோர்ப்பந்தலில் அங்கம்மாள் நின்றிருந்தார். கடையில் தைத்த பழைய பச்சை ஜாக்கெட். நான் முதலிடம் கொடுத்த மயில் கழுத்தைக் காணோம்.

"எங்கேம்மா நம்ம ஜாக்கெட்டு?" என்றாள் துர்கா.

"ரொம்ப நல்லா இருக்குது டீச்சரம்மா. பத்திரமா வெச்சிருக்கேன்" என்றார் அங்கம்மாள், மோரைப் பார்த்துக்கொண்டே.

எங்களோடேயே வந்திருந்த செல்வாம்பாள் பின்னாலிருந்து விழுந்து விழுந்து சிரித்தார். "பத்திரமா வெச்சிருக்காளாம்! பூட்டுப் போட்டு வெச்சிருக்கியா, மூட்டையில கட்டி வெச்சிருக்கியா? ஏண்டி அங்கம்மா, மாட்ட முடிஞ்சா நீ மாட்டியிருக்க மாட்ட?"

"சும்மா இருடி. புள்ள தச்சத எப்பிடிக் கொற சொல்றது?"

"கொற சொல்லுங்கம்மா" என்றாள் துர்கா. "சொல்லாட்டித்தான் அந்தக் கிளாஸ நிறுத்திடுவாங்க."

அங்கம்மாள் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "நிறுத்திடுவாங்களா? அய்யய்யோ. அம்மா தாயே, தையல்ல ஒரு கொறையும் இல்ல. எனக்கு மூச்சுத்தான் முட்டுது. கொக்கி போட்டா இருமக்கூட முடியல."

அப்போது துர்கா கேட்ட கேள்வியை எவ்வளவு யோசித்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன்.

"அளவுக்கு எந்த ஜாக்கெட்டக் குடுத்தனுப்புனீங்க?"

"நல்லதாத்தான் குடுத்தேன். பெட்டியில இருந்துச்சு. என் தங்கச்சி கல்யாணத்துக்குத் தச்சது."

"தெனம் போடுறத ஏன் குடுக்கல?"

"அது கவுச்சி அடிக்கும்மா! எத்தினி சோப்பு போட்டாலும் போவாது. அதப் போயி பள்ளிக்கூடத்துக்கு எப்பிடிக் குடுத்தனுப்புறது? டீச்சருங்கல்லாம் இன்னா நெனப்பாங்க?"

சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒவ்வொருத்தியாக வாயைத் திறந்தார்கள். ஒருத்தி கொடுத்தது பிள்ளை பிறப்பதற்கு முன்னால் தைத்தது. இன்னொருத்தி கொடுத்தது மகளுடையது, புதுசாக இருந்ததால். பள்ளிக்கு மரியாதை செய்வதாக நினைத்து, வாசம் இல்லாத ஜாக்கெட்டாகத் தேடி அனுப்பியிருக்கிறார்கள். வாசம் இல்லாதது என்றால் பல வருடமாக உடம்பில் படாதது என்று அர்த்தம். பிள்ளைகள் வந்த அளவுக்கு நூல் பிசகாமல் தைத்திருக்கிறார்கள்.

"நான் எதுக்கு வெக்கப்படணும்?" என்றார் செல்வாம்பாள். "போட்டிருந்தத அவுத்து, அலசி, ஈரத்தோடயே குடுத்தனுப்புனேன். அந்தப் புள்ள மூக்கப் பொத்திக்கிட்டே அளவெடுத்துச்சாம்!"

மோர்ப்பந்தலே சிரித்தது. துர்கா நடுவில் நின்று கை தட்டினாள். முப்பத்தெட்டு வயதுப் பெண், அரசு அதிகாரி, தேர்க் கூட்டத்தில் நின்று சின்னப் பிள்ளைபோலக் கை தட்டினாள்.

"க்கா, புரியுதா? அந்தப் பாடத்துல ஒடம்புக்கு அளவெடுக்கிறது இல்லவே இல்ல. அளவு ஜாக்கெட்டப் பாத்துத் தெக்கிறது மட்டும்தான் இருக்குது. புள்ளைங்க கத்துக்கிட்டத நல்லாக் கத்துக்கிச்சு. நாமதான் ஒண்ணு கத்துக்குடுக்கல!"

திரும்பி வரும்போது வண்டியில் என்னைச் சும்மா விடவில்லை. "நீ பஸ்டு குடுத்தது பெட்டியில தூங்குது. லாஸ்டு குடுத்தது மீன் வித்துட்டு, தேரும் பாத்துட்டு வந்துடுச்சு."

"ஒழுங்கா வண்டிய ஓட்டுடி" என்றேன். கோபம் வரவில்லை. இருபது வருடமாக உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தே மதிப்புப் போடுகிறவள் நான். யார் அதைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறார்கள் என்று பார்க்க என் தங்கைக்குத் தோன்றியிருக்கிறது. இதற்குப் போய் யாராவது கோபப்படுவார்களா? பின்னால் உட்கார்ந்துகொண்டு அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். கிச்சுக்கிச்சு மூட்டாதே என்றாள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். யார் யார் போட்டு வந்தார்கள், யார் போடவில்லை, ஏன் போடவில்லை என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். போடாதவர்களே அதிகம் என்பதை முதல் வரியிலேயே வைத்திருக்கிறாள். ஹேமலதா ஆசிரியை பக்கத்தில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாராம். கிருஷ்ணசாமி சார் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏம்மா, தேர்ல போயி நீங்க ஜாக்கெட்டா பாத்துக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆமா சார். எங்க அக்காவும் வந்துச்சு."

"பயணப்படி கேக்கமாட்டீங்களே?"

"மோர் ஓசி சார். பெட்ரோலுக்கு மட்டும் குடுத்தாப் போதும்."

அவர் சிரித்துவிட்டாராம். "நூத்துக்கு நூறுன்னு கொண்டாந்தப்ப நான் நம்பல. பாதிக்கு மேல பொட்டியில வெச்சிட்டாங்கன்னு சொல்றீங்க பாருங்க, இத நம்புறேன். இத சரிபண்ண முடியுமா?" என்று ஹேமலதா ஆசிரியையைப் பார்த்திருக்கிறார். பொம்பளைகளுக்குச் சங்கடமாக இருக்குமே என்றுதான் நேராக அளவெடுப்பதைப் பாடத்தில் விட்டுவிட்டேன், அவர்களை வரவழைத்துக் கற்றுத்தருகிறேன் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். இன்னொரு வருடம் நடக்கட்டும், அளவெடுப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆடியில் மறுபடியும் பார்ப்போம் என்று முடிவாயிற்று. அடுத்த தேருக்குத் தானும் வருவதாகக் கிருஷ்ணசாமி சார் சொன்னாராம். "ஆனா நான் அம்மனத்தான் பாப்பேன்" என்றாராம்.

துர்கா போனில் இதைச் சொல்லச் சொல்ல, நான் ஒருத்தியின் புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். கோணலாகப் போய்விட்டது. பிரித்து மறுபடியும் அடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை என்னையும் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். மார்க் போட அல்ல, பிள்ளைகளுக்கு டேப் பிடிக்கச் சொல்லித்தர ஹேமலதா ஆசிரியைக்கு ஒத்தாசையாக. பெண்கள் வியாபாரம் முடித்து நேராக வந்துவிட்டார்கள். அறை முழுவதும் வஞ்சிரமும் சங்கரா மீனும் மணந்தன. ஆசிரியை ஜன்னல்களைத் திறந்தார். அந்த வாசத்துக்கு ஒரு பெண்ணும் வெட்கப்படவில்லை, செல்வாம்பாள் எல்லோரையும் மிரட்டி அழைத்து வந்திருந்தார்.

அங்கம்மாளின் மயில் கழுத்து ஜாக்கெட்டின் பக்கத்துணியைப் பிரித்து விட வேண்டும். அதைத் தைத்த பெண்ணே டேப்போடு அவர் முன்னால் நின்றாள். அவருக்கு அண்ணன் மகள் முறை. டேப்பைச் சுற்றியதும் அங்கம்மாள் வயிற்றை எக்கி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பவர்போல நின்றார்.

"அத்த, மூச்ச வுடு."

"வுட்டுட்டேன்."

"எங்க வுட்ட? தம் கட்டிக்கிட்டு நிக்கிற. போன வாட்டி மாதிரியே மறுபடியும் ஆவணுமா?"

"இவ்ளோ பேரு பாக்குறாங்கடி."

"பாக்கட்டும். மூச்ச வுடு அத்த!"

அங்கம்மாள் ஒரு பெரிய பெருமூச்சு விட்டார். டேப் அந்தப் பெண்ணின் விரலுக்குள் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது, நகர்ந்துகொண்டே இருந்தது. அவள் அளவைப் படித்தாள். அறையே ஓவென்று கத்தியது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அங்கம்மாள்தான். என் தங்கை வாசலில் நின்று அடுத்த ஆளை உள்ளே அனுப்பினாள்.